தாளத்தைக் குற்றஞ் சாட்டுவோருக்கு

மேல்நாட்டு நடன இசை என்றதும் எம்மிடையே இருவகைக் குரல்கள் எழுகின்றன. ஒன்று, தூய கலையின் காவலர்களாகத் தம்மைத் தாமே நியமித்துக்கொண்டவர்களுடையது. "இது இசையே அன்று, யந்திரம் எழுப்பும் இரைச்சல்" என்பர் இவர்கள். மற்றையது, முற்போக்கு அணியிலேயே நிற்கும் நண்பர்கள் சிலருடையது. "இது முதலாளித்துவத்தின் நசிவுக் கலை, உழைக்கும் இளைஞரை மயக்கும் அபின்" என்பர் அவர்கள். முதல் வகையினருக்கு விடை கூறுவதிற் காலத்தைச் செலவிட நான் விரும்பவில்லை. சமுதாயத்தைக் கலைக்குப் புறம்பானதெனக் கொள்பவரிடம் சமுதாயத்தைக் காட்டிப் பயன் யாது? இக்கட்டுரை இரண்டாம் வகையினரை நோக்கியே எழுதப்படுகிறது. எதிரியின் தவறு எதிரியைக் கெடுக்கும். நண்பரின் தவறு எம் எல்லோரையும் கெடுக்கும்.

பொதுப்படப் பேசுவதை விடுத்து, ஒரு குறிப்பிட்ட இசைத்தட்டை முன்வைத்தே வாதாடுவோம். பெற் ஷொப் போய்ஸ் என்னும் பிரித்தானிய இரட்டையர் 1987ஆம் ஆண்டு செப்ரெம்பர் 7ஆந் திகதி வெளியிட்ட 'அக்சுவலி' என்பதே அது. 'உண்மையில்' என்பது அப்பெயரின் பொருள். அதில் உள்ளவை பத்துப் பாடல்கள். மின்னிசைக் கருவிகளாலும் தாளப் பொறிகளாலும் ஆக்கப்பட்டவை. பெரும்பாலானவை நடன மண்டபத்துக்கென்றே அளந்து வெட்டப்பட்டவை. பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடம்வரை சென்ற தட்டு அது.

இவ்விருவருள் நீல் ரெனன்ற் 1954இல், தைன் நதியின் முகத்துவாரத்திலுள்ள நோர்த் ஷீல்ட்ஸ் என்ற துறைமுக ஊரிற் பிறந்தவர். நியூகாசிலிற் கத்தோலிக்கப் பாடசாலையொன்றிற் படித்தவர். லண்டனில் வரலாறு பயின்று, பின்னர் இளைஞருக்கான இசைச் சஞ்சிகையொன்றின் துணை ஆசிரியராக இருந்தவர். மற்றவர் கிறிஸ் லோ, 1959இல் பிளக்பூலிற் பிறந்து லிவர்பூலிற் கட்டடக்கலை கற்றவர். 1981இல் லண்டனிலுள்ள மின்சாதனக் கடையொன்றில் இருவரும் தற்செயலாகச் சந்தித்தனர். இவர்கள் ஆலைத் தொழிலாளர் அல்லர், தொழிற்சங்கவாதிகளும் அல்லர். படித்த நடுத்தர வகுப்பினர். பின் எதற்காக இவர்களைப் பற்றி நாம் பேசுதல் வேண்டும்? தாம் வாழ்ந்த காலத்தின் உண்மையை, அக்காலம் எந்த மொழியிற் பேசிற்றோ அந்த மொழியிலேயே பதிவு செய்தவர்கள் என்பதற்காக.

அக்காலம் எத்தகையது? ஓராண்டு நீடித்த சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் 1985 மார்ச்சில் முறியடிக்கப்பட்டாயிற்று. மக்களுடைய பொதுச்சொத்துக்கள் ஒவ்வொன்றாகச் சந்தைக்கு வந்தன. 1984 நவம்பரிற் தொலைபேசி நிறுவனம். 1986 டிசெம்பரில் எரிவாயு. 1987 பெப்ரவரியில் விமானச் சேவை. மே மாதத்தில் றோல்ஸ் றொய்ஸ். யூலையில் விமான நிலையங்கள். 1986 ஒக்ரோபரில் லண்டன் பங்குச் சந்தையின் பழைய கட்டுப்பாடுகள் அகற்றப்பட்டன. 1987இன் தொடக்கத்தில் மூன்று மில்லியனுக்கு மேற்பட்டோர் வேலையின்றி இருந்தனர். அவ்வாண்டு யூன் 11ஆந் திகதி மார்கிறற் தட்சர் மூன்றாம் முறையாகவும் தேர்தலில் வென்றார். சமுதாயம் என்றொன்று இல்லை, தனி மனிதரும் குடும்பங்களுமே உள்ளனர் என்ற அவருடைய பேர்பெற்ற கூற்று அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் ஒரு பெண்கள் சஞ்சிகையில் அச்சேறிற்று. அவருடைய கட்சியின் முன்னாட் பிரதமரான ஹரோல்ட் மக்மில்லனே இவ்விற்பனைகளைக் கண்டு, நொடித்துப்போன குடும்பம் வெள்ளிப் பாத்திரங்களை விற்பதோடு அவற்றை ஒப்பிட்டு 1985இற் பேச நேர்ந்தது.

இந்த வரலாற்றை மனத்திற் கொண்டு தட்டின் மூன்றாவது பாடலான 'ஷொப்பிங்' என்பதைக் கேளுங்கள். கடைத்தெருவுக்குச் செல்லும் களிப்பைப் பாடும் வெறும் குதூகலப் பாட்டென்றே மேலோட்டமாகக் கேட்பவருக்குத் தோன்றும். சிறுவர் விளையாட்டுப் போல ஒரு சொல்லை எழுத்தெழுத்தாக உச்சரிக்கும் பல்லவி அதற்கு. ஆனால், அங்கே வாங்கப்படுவதும் விற்கப்படுவதும் சட்டையும் சப்பாத்துமல்ல, ஒரு தேசம். பாடுபவர்கள் நுகர்வோரல்லர், பொதுச்சொத்தைப் பங்குகளாக்கிக் கைமாற்றும் கூட்டத்தார். களவின் குதூகலமே அப்பாடலின் குதூகலம். அரசின் தனியார்மயத்தை மனத்திற் கொண்டே இதனை எழுதியதாக அதன் ஆசிரியர் பின்னர் கூறியுமிருக்கிறார்.

"அப்படியாயின் அதை வெளிப்படையாகக் கண்டித்திருக்கலாமே? களவு செய்பவனின் வாயால் ஏன் பாட வேண்டும்?" என்று நண்பர்கள் வினவுகின்றனர். இவ்வினாவைத் தமிழ் கற்றவர்கள் கேட்பதுதான் வியப்பு. அகப்பாடலொன்றை எடுத்தால் முதலில் 'கூற்று யாருடையது?' என்று கேட்கப் பழக்குவது உயர்தர வகுப்பில் இலக்கியம் கற்பிக்கும் என்போன்றோரின் அன்றாடத் தொழில். தலைவி கூற்று, தோழி கூற்று, பரத்தை கூற்று எனப் பிரித்தறியாதவன் அகப்பாடலின் வாசலையே தாண்டான். பரத்தை கூற்றாகப் பாடிய புலவர் பரத்தமையைப் போற்றினார் என்று எவரும் சொல்வதில்லை. பேசுபவரை வேறாகவும் பாடுபவரை வேறாகவும் நிறுத்தி, பேசுபவரின் சொல்லாலேயே அவருடைய உலகை அம்பலப்படுத்தும் இந்த முறை ஈராயிரம் ஆண்டுகளாக எமக்குத் தெரிந்தது. குறுந்தொகைக்கு அளிக்கும் சலுகையைக் கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்த இருவருக்கு மறுப்பது எந்த நீதி?

அடுத்த பாடல் 'றென்ற்', அதாவது வாடகை. ஒருவருடைய பணத்தில் வாழும் இன்னொருவரின் கூற்றாக அமைந்தது. உடையும் உணவும் உறைவிடமும் கிடைக்கின்றன. காதலும் இருக்கிறது, அல்லது இருப்பதாகச் சொல்லப்படுகிறது. காதல் எங்கே முடிகிறது, கணக்கு எங்கே தொடங்குகிறது என்பது பேசுபவருக்கே தெளிவில்லை. முதலாளித்துவம் மனித உறவை ரொக்கப் பரிமாற்றமாக மாற்றிவிட்டதென்று எமது கூட்டங்களில் எத்தனையோ முறை முழங்கியிருக்கிறோம். அம்முழக்கம் ஓர் உயிருள்ள மனிதரின் மெல்லிய, வெட்கமற்ற, அதேவேளை துயரந் தோய்ந்த குரலாகும்போது எவ்வாறிருக்குமென்பதை இப்பாடல் காட்டுகிறது. முழக்கம் எம்மைத் தலையசைக்கச் செய்யும். இக்குரல் எம்மைத் தொந்தரவு செய்யும். இலக்கியத்தின் வேலை தொந்தரவு செய்வதே.

இரண்டாவது பாடலில் இவர்களுடன் சேர்ந்து பாடுபவர் டஸ்ரி ஸ்பிறிங்பீல்ட். அறுபதுகளில் உச்சத்தில் நின்று, பின்னர் இசை வணிகத்தால் மறக்கப்பட்ட பாடகி அவர். 1964 டிசெம்பரில் தென்னாபிரிக்கா சென்றபோது, நிறவாரியாகப் பிரிக்கப்பட்ட சபையின் முன் பாடமாட்டேனென மறுத்து, அந்நாட்டு அரசால் வெளியேற்றப்பட்டவர். "பொழுதுபோக்குப் பாடகர்" என்று நாம் ஏளனமாய் ஒதுக்கும் வர்க்கத்திலிருந்து வந்த செயல் அது. அத்தகையவரை, வணிகம் கைவிட்ட நிலையில், இளைஞர் இருவர் தேடிச் சென்று சமமாக நிறுத்திப் பாட வைத்தனர். அப்பாடல் பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் இரண்டாம் இடத்தை எட்டிற்று.

'இற்ஸ் எ சின்' என்ற பாடல் 1987 கோடையில் மூன்று வாரங்கள் முதலிடத்தில் நின்றது. செய்வதெல்லாம் பாவம் என்று போதிக்கப்பட்டு வளர்ந்த ஒருவனின் குமுறல் அது. டெறெக் ஜார்மன் அதற்கு எடுத்த படத்தில், பாடகர் சமய விசாரணை மன்றத்தின் முன் நிறுத்தப்பட்ட கைதியாக வருகிறார். எந்தப் 'பாவம்' என்று பாடல் பெயரிட்டுச் சொல்லவில்லை. கேட்டவர்களுட் பலருக்குச் சொல்ல வேண்டியும் இருக்கவில்லை. எயிட்ஸ் நோய் பரவிக்கொண்டிருந்த வேளை அது. நோயாளரைப் பராமரிப்பதினும் பழிப்பதிற் பத்திரிகைகள் பல முனைந்திருந்த வேளை. நண்பரொருவரின் நோயை அடியாகக் கொண்டு எழுதப்பட்ட 'இற் குட்ன்ற் ஹப்பின் ஹியர்' இதே தட்டில் உள்ளது. "இங்கே அது நடவாது" என்று நம்பியிருந்தோரின் நம்பிக்கை குலைந்ததே அதன் பொருள். 1988 மேயில், ஓரினச் சேர்க்கையை 'ஊக்குவிப்பதை' உள்ளூராட்சிச் சபைகளுக்குத் தடை செய்யும் சட்டப்பிரிவு நடைமுறைக்கு வந்தது. அடுத்த மாதமே அதனை எதிர்த்து லண்டனில் நடந்த நிகழ்ச்சியில் இவ்விருவரும் மேடையேறினர். ரெனன்ற் தம்மைப் பற்றி வெளிப்படையாக அறிவித்தது 1994இல். அதுவரை கூற்றும் குறிப்புமே அவருடைய மொழியாயிருந்தன.

இவ்விடயத்தில் எம்மவர் சிலர் முகஞ் சுளிப்பதை நான் அறிவேன். "இதெல்லாம் மேல்நாட்டுச் சீர்கேடு" என்பர். ஆனால், மேல்நாடு எமக்குத் தந்தது அந்த வாழ்க்கையையல்ல. அதைத் தண்டிக்கும் சட்டத்தையே. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை மூலம் அதை இலங்கையிற் புகுத்தியவர்கள் பிரித்தானியர். தம் நாட்டில் 1967இல் அவர்கள் தளர்த்திய விலங்கை எமது பண்பாடென்று பூண்டு நிற்பவர் எவ்வகையில் ஏகாதிபத்திய எதிர்ப்பாளராவர்?

தட்டின் இறுதிப் பாடல் 'கிங்ஸ் குறொஸ்'. லண்டனின் வடபாலுள்ள புகையிரத நிலையத்தின் பெயர் அது. கப்பற்றுறையும் சுரங்கமும் மூடப்பட்ட வடகிழக்கிலிருந்து வேலை தேடி வரும் ஒருவன் தலைநகரிற் கால்வைக்கும் முதலிடம் அதுவே. ரெனன்ற் பிறந்த மண்ணிலிருந்து வரும் பாதையும் அதுதான். அக்காலத்தில் அந்நிலையத்தைச் சுற்றிய தெருக்கள் விலைமாதருக்கும் போதைப்பொருளுக்கும் பேர்போனவை. வந்திறங்கியவன் நிற்கிறான், காத்திருக்கிறான், எவரும் வருவதாயில்லை. வெற்றிக் கொடி பறந்த தேசத்திற் கைவிடப்பட்டோருக்கான இரங்கற்பா இது. தட்டு வெளிவந்து பத்து வாரங்கள் கழிந்து, 1987 நவம்பர் 18ஆந் திகதி, அந்நிலையத்தின் நிலக்கீழ்ப் பகுதியில் மரத்தாலான இயங்குபடிக்கட்டின் கீழ் தீப்பற்றி 31 பேர் மாண்டனர். படியின் அடியில் ஆண்டாண்டாகச் சேர்ந்திருந்த எண்ணெய்க் கழிவும் குப்பையுமே தீக்கு இரையாயின. பாடல் தீர்க்கதரிசனம் உரைத்ததெனச் சிலர் வியந்தனர். எனக்கு அத்தகைய மாயங்களில் நம்பிக்கையில்லை. பொதுமக்கள் நடக்கும் இடம் எவ்வளவு அலட்சியமாக விடப்பட்டிருந்ததென்பதை விசாரணை அறிக்கை சொல்லிற்று. பொதுமக்களே எவ்வளவு அலட்சியமாக விடப்பட்டிருந்தனர் என்பதைப் பாடல் முன்னரே சொல்லியிருந்தது. அவ்வளவே.

இனி நண்பர்களின் குற்றச்சாட்டுக்களை ஒவ்வொன்றாக எடுப்போம்.

முதலாவது: நடன இசை நசிந்த வர்க்கத்தின் வடிவம். இது வரலாறு அறியாதார் கூற்று. டிஸ்கோ இசை நியூயோர்க்கின் கறுப்பின, இலத்தீன் அமெரிக்க, ஓரினச் சேர்க்கையாளர் கூடிய மண்டபங்களில் வளர்ந்தது. அதன் வழிவந்த ஹவுஸ் இசை சிக்காகோவின் கறுப்பின இளைஞரிடையே பிறந்தது. வேறெங்கும் தலைநிமிர்ந்து நிற்க இடமில்லாதார் ஓர் இரவேனும் நிமிர்ந்து நின்ற இடம் அது. 1979 யூலை 12ஆந் திகதி சிக்காகோ விளையாட்டரங்கொன்றில் டிஸ்கோ இசைத்தட்டுக்களைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தனர். அங்கே எரிந்தவற்றுட் பெரும்பகுதி எந்த நிறத்தாரின் இசை என்று நண்பர்கள் எண்ணிப் பார்த்ததுண்டா? எமது மரபிலும் படிப்பினை உண்டு. பண்டிதர் இழிவெனக் கருதிய சிந்தையும் கும்மியையும் பள்ளையும் எடுத்துத்தான் பாரதி விடுதலையைப் பாடினான். உழவர் காலடியின் தாளம் தேசத்தின் தாளமாகலாமென அவன் நம்பினான். காலடித் தாளம் எவ்வூரினதாயினும் அதற்கு அந்நம்பிக்கையை மறுக்க எமக்கு உரிமையில்லை.

இரண்டாவது: இது விற்பனைப் பண்டம். உண்மை. இத்தட்டை வெளியிட்டது பார்லபோன். அதன் உரிமையாளர் தோர்ண் ஈ.எம்.ஐ. நிறுவனம். அந்நிறுவனம் இராணுவத்துக்கான மின்னணுக் கருவிகளையும் செய்து விற்றது. தனியார்மயத்தை எள்ளும் பாடலும் போர்க்கருவியும் ஒரே கணக்கேட்டில் இலாபமாகப் பதிந்தன. இம்முரண்பாட்டை மூடி மறைக்க நான் முயலவில்லை. ஆனால், முதலாளியின் அச்சகத்தில் அச்சாகாத நாவல்கள் எத்தனை? பல்சாக்கும் டிக்கன்சும் வெளியீட்டாளருக்குப் பணம் சேர்த்தே எழுதினர். பண்டமாயிருப்பது முதலாளித்துவத்திற் கலைக்கு நேர்ந்த விதி. அவ்விதிக்குள் இருந்துகொண்டு கலை எதைச் சொல்கிறது என்பதே விமர்சகன் கேட்க வேண்டிய கேள்வி. விற்பனைச் சீட்டைப் பார்த்துத் தீர்ப்பெழுதுபவன் விமர்சகனல்லன். அவனும் ஒரு கணக்குப்பிள்ளையே.

மூன்றாவது: மெய்யான முற்போக்குக் கலைஞர் இவ்வாறு பூடகமாகப் பேசார், நேரே களத்தில் இறங்குவர். 1985 நவம்பரில் பில்லி பிறாக், போல் வெலர் முதலியோர் தொழிற்கட்சிக்கு இளைஞரைத் திரட்ட 'றெட் வெட்ஜ்' என்ற அமைப்பைத் தொடங்கினர். மதிக்கத்தக்க முயற்சி. அதில் 'கொம்யூனாட்ஸ்' என்ற இரட்டையரும் பங்குகொண்டனர். 1871ஆம் ஆண்டின் பாரிஸ் கொம்யூன் போராளிகளின் பெயரைத் தாங்கியவர்கள் அவர்கள். அவர்களுடைய இசை எது? அதே நடன இசை! 1986இற் பிரித்தானியாவில் மிக அதிகமாக விற்ற தனிப்பாடல் அவர்களுடையது. தாளமும் போராட்டமும் ஒன்றாகா என்போருக்கு இதைவிட வேறு மறுப்பு வேண்டுமா? அதேவேளை இன்னொன்றையும் நினைவிற் கொள்க. றெட் வெட்ஜ் மேடையின் முன் கூடியோரிற் பலர் ஏற்கெனவே எம் பக்கம் நின்றோர். 'அக்சுவலி' சென்ற இடமோ, புதிய பங்குகளை வாங்கி, புதிய கோட்டணிந்து, தட்சருக்கு வாக்களித்தோரும் ஆடிய மண்டபம். எதிரியின் விருந்திற் பாடும் பாணனுக்கும் ஒரு பணி உண்டு.

இவ்வளவும் கூறியதனால் இத்தட்டைக் குறையற்றதென்று நான் சாதிப்பதாக எவரும் கொள்ளற்க. குறை உண்டு, அது நண்பர்கள் காட்டும் இடத்தில் இல்லை. தாளத்திலன்று, தூரத்திலே உள்ளது அக்குறை. தட்டின் உறையைப் பாருங்கள். விருந்துடை அணிந்து இருவர் நிற்கின்றனர். ஒருவர் கொட்டாவி விடுகிறார். அக்கொட்டாவி பணச் செருக்கின் மீதான ஏளனமாக இருக்கலாம். யாவற்றின் மீதுமான சலிப்பாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் இடம் வைப்பதே அங்கதத்தின் வலிமை. அதுவே அதன் பலவீனம். பணம் தேடும் இரு வீணரை எள்ளி இவர்கள் முன்னர் வெளியிட்ட 'ஒப்பொர்ச்சுனிற்றீஸ்' என்ற பாடலைப் பணத்தின் துதிப்பாடலாகவே எடுத்துக்கொண்டோர் பலர். எள்ளப்பட்டவனே கைகொட்டி மகிழும் எள்ளலுக்கு முனை போதாது. மேலும், இப்பத்துப் பாடல்களில் விற்பவன் உண்டு, விற்கப்படுபவள் உண்டு, கைவிடப்பட்டவன் உண்டு. ஆனால் ஒருவரோடொருவர் கைகோத்து நிற்கும் இருவர் இல்லை. கிங்ஸ் குறொஸில் வந்திறங்கியவன் தனியே நிற்கிறான். அவனைப் போல இன்னும் பல்லாயிரவர் அதே மேடையில் இறங்கியிருப்பர் என்பதை அவன் அறியான். அவனைப் பாடியவரும் அவனுக்கு அறிவிக்கவில்லை. சமுதாயம் என்றொன்றில்லை என்ற கூற்றை எள்ளத் தெரிந்த இசை, சமுதாயம் இருக்கிறது என்று காட்ட அறியவில்லை.

இக்குறையை யார் கண்டுபிடிக்க முடியும்? தட்டைக் கேட்டவன்தான். கேளாமலே "நசிவு" என்று முத்திரை குத்தியவனுக்கு அதன் நிறையும் தெரியாது, குறையும் தெரியாது. எமது விமர்சனத்தைப் பீடித்துள்ள நோய் இதுவே. உருவத்தைக் கண்டதும் உள்ளடக்கம் தெரிந்துவிட்டதென எண்ணுகிறோம். கருவியைக் கண்டதும் வர்க்கம் தெரிந்துவிட்டதென எண்ணுகிறோம். இதன் விளைவு யாது? எமது மாணவர் கேட்பதை நாம் கேட்பதில்லை. நாம் சொல்வதை அவர்களும் கேட்பதில்லை. அவர்களுடைய காதுகளில் இரவும் பகலும் ஒலிக்கும் இசையுள் எது அவர்களை விற்கிறது, எது அவர்கள் விற்கப்படுவதை அவர்களுக்கே சொல்கிறது என்று பிரித்தறியக் கற்பிக்க வேண்டியவர்கள் நாம். அப்பணியைச் செய்யாமல், எல்லாவற்றையும் ஒரே குப்பைக் கூடையில் எறிந்துவிட்டு, இளைய தலைமுறை கெட்டுவிட்டதென்று புலம்புவது ஆசிரியத் தொழிலுக்கும் அழகன்று, முற்போக்குக்கும் அழகன்று.

மக்கள் கலையை மதிக்கிறோம் என்று சொல்லும் நாம், அம்மக்களின் கால்கள் எந்தத் தாளத்துக்கு அசைகின்றன என்று கேட்க மறுப்பதை இனியேனும் நிறுத்துவோம். கேட்ட பிறகு கண்டிப்பதானாற் கண்டிப்போம். அதுவே நேர்மையான கண்டனம். கேளாது விதிக்கப்படும் தீர்ப்பை விசாரணை மன்றங்களுக்கே விட்டுவிடுவோம்.